ஊசி முனைத் துளி

ஒத்தக்கடை வீட்டு அடுப்படியில் அரிவாள்மனையை விட்டுவிட்டு, தெரசா செல்போனில் வீடியோ அழைப்பையே பார்க்கிறாள். ஜெர்மனி ஆய்வகத்தில் அவள் மகன் ஜூடு மிளகளவு தங்கக் குப்பி ஒன்றை இடுக்கியில் பிடித்திருக்கிறான். தண்ணீரைத் தனக்குள் கட்டிவைத்திருக்கும் பாறையின் தூள் அதற்குள் இருக்கிறது. பூமியின் ஆழத்தில் உள்ளது போன்ற அழுத்தத்திலும் சூட்டிலும் அதை ஒரு வாரம் வைத்திருந்தார்கள். “கல்லு சிதைஞ்சிருந்தா தண்ணி தனியா வரும்மா. வந்தா இங்க இன்னும் ரெண்டு வருசம் வேலை. வராட்டி கிறிஸ்மஸுக்கு ஊருக்கே வந்துருவேன்.” எதற்கு வேண்டிக்கொள்வதென்று தெரியாமல் அவள் சிலுவை போட்டுக்கொள்கிறாள். அவன் குப்பியை ஊசியால் குத்துகிறான். குப்பியின் மேல் ஒரு துளி மினுங்குகிறது. அவனுக்குப் பின்னால் யாரோ கைதட்டுகிறார்கள். “வந்துருச்சும்மா! தெரியுதா?” “தெரியுதுய்யா. இம்புட்டுத் தண்ணிக்கா ரெண்டு வருசம்?” அவன் சிரிக்கிறான். அவள் மறுபடி அரிவாள்மனையில் உட்கார்கிறாள். சட்டித் தண்ணீரில் கத்திரிக்காய்த் துண்டுகள் ஒவ்வொன்றாக விழுகின்றன.