குருவியின் திருட்டாட்டம்

"குருவி திருட்டாட்டம் ஆடறாடி. நிச்சயமா சொல்றேன்" என்றாள் வக்கீல், போனில்.

"சும்மா இரு. நாவல் பேர் கண்டுபிடிக்கிற ஆட்டத்துல திருடி என்ன ஆகப் போகுது?" என்றாள் பல் டாக்டர்.

"அப்ப ஏன் ஒவ்வொரு தடவையும் மைக்கை மூடறா? பக்கத்துல திரும்பறா, வாயை அசைக்கிறா, அப்புறம் டக்குனு பேரைச் சொல்றா. இன்னொரு போன்ல தேடறா, வேறென்ன? காலேஜ்ல பாடப் புத்தகத்தையே தொடாதவ!"

குருவியையும் சேர்த்து மூவரும் ஹாஸ்டல் தோழிகள். இப்போது ஆளுக்கொரு ஊர். ஞாயிறு மாலை வீடியோவில் கூடுவார்கள். ஒருத்தி ஏதாவது நாவலிலிருந்து ஒரு வரி படிப்பாள். எந்த நாவல் என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். மற்ற இருவரும் கொட்டாவி விட்டாலும் குருவி ஆட்டத்தை முடிக்க விடமாட்டாள். "அதுக்குள்ள என்னடி அவசரம்?" என்று கெஞ்சுவாள்.

"இந்த வாரம் பாரு, வசமா மாட்டிவிடறேன்" என்றாள் வக்கீல்.

ஞாயிறன்று, தானே ஜோடித்த ஒரு வரியைப் பெரிய இலக்கியம் போல ஏற்ற இறக்கத்தோடு படித்தாள்.

"'அவள் மூடிய ஜன்னலுக்கு வெளியே, மழை தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தது.' எந்த நாவல்?"

பல் டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எனக்குத் தெரியாதுப்பா" என்றாள்.

குருவி மைக்கை மூடினாள். பக்கவாட்டில் திரும்பினாள். உதடுகள் அசைந்தன. நேரம் போய்க்கொண்டே இருந்தது. வக்கீல் கண்ணடித்தாள்.

திடீரென்று குருவி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மைக்கைத் திறந்தாள்.

"மறுபடி சொல்லுங்க... இவங்களுக்கும் கேக்கட்டும்."

ஓர் ஆண் குரல், சொல் சொல்லாக இழுத்து இழுத்து வந்தது.

"இது... எந்த நாவல்லயும்... இல்ல. யாரோ... சொந்தமா... உளறியிருக்காங்க."

வக்கீலின் முகம் சுருங்கியது. "யாருடி அது?"

"வீட்டுக்காரர்தான். பக்கவாதத்துல பேச்சே போயிடுச்சு. சொன்னா பாவம் பார்த்து ஆட்டத்தையே நிறுத்திடுவீங்கன்னு சொல்லல. முன்னெல்லாம் வாய் ஓயாம புத்தகத்தைப் பத்தியே பேசுவார்டி. 'போதும், நிறுத்துங்க'ன்னு நானே கத்துவேன். இப்ப தண்ணி வேணுமான்னு கேட்டாக்கூட தலையாட்டறதோட சரி. நாவல் பேரை மட்டும் எப்படியாவது முக்கி முனகிச் சொல்லிடுவார். அந்தக் குரலைக் கேக்கத்தான் ஞாயிறு எப்ப வரும்னு கிடப்பேன்."

குருவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"முழுசா ஒரு பேச்சு பேசினது இன்னிக்குத்தான். வக்கீலம்மா, உனக்குக் கோடி புண்ணியம்! இதே மாதிரி மட்டமா வேற ஏதாவது எழுதிக் கேளேன்டி... அவர் இன்னும் கொஞ்சம் திட்டட்டும்."