நாலடி ஜன்னலுக்கு மூணு ஸ்க்ரீன்

"நீங்களே சொல்லுங்கண்ணே, ஒரு ஜன்னலுக்கு எத்தனை ஸ்க்ரீன் போட்டா வெளியே இருந்து பாக்கறவனுக்கு உள்ளே ஒண்ணுமே தெரியாது?"

தையல்காரர் டேப்பை ஜன்னலுக்குக் குறுக்கே பிடித்துப் பார்த்தார்.

"நாலடி. ரெண்டு பீஸ் போதும்மா. சுருக்கம் அழகா விழும்."

"அழகு யாருக்கு வேணும்? மூணு போடுங்க. நல்ல கெட்டித் துணியா."

"மூணு போட்டா ஒதுக்கி வைக்கக்கூட இடம் இருக்காதும்மா. பட்டப்பகல்லயே லைட் போடணும்."

"போட்டுக்கறேன்."

மாமியார் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஸ்க்ரீன் எதுக்கு? செங்கல் வாங்கிட்டு வரச் சொல்லு, ஜன்னலையே அடைச்சிடலாம். காத்து, வெளிச்சமெல்லாம் நமக்கு எதுக்கு!"

"அந்த ஆளைப் பாத்திருந்தா நீங்களே செங்கல் தூக்கிட்டு வந்திருப்பீங்க அத்தை."

"எந்த ஆளு?"

"எதிர் வீட்டுக்குப் புதுசா வந்திருக்கானே, கண்ணாடிக்காரன். ஜன்னலுக்கு ஜன்னல் கை நீட்டினா எட்டற தூரம். பையனுக்கு ஊட்ட நான் இங்கே உக்காந்தா போதும், அங்கே வந்து நின்னுடுவான். வெறுமனே பாத்தாலும் பரவாயில்ல. நான் கண்ணை உருட்டினா அவனும் உருட்டறான். நான் கையை ஆட்டினா அவனும் ஆட்டறான். எவ்வளவு கொழுப்பு இருக்கணும்!"

தையல்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு டேப்பைச் சுருட்டினார்.

"நேத்து பொறுக்க முடியல. படார்னு ஜன்னலைச் சாத்திட்டேன். அதுக்காக தினமும் சாத்திவெச்சு உள்ளே வேக முடியுமா?"

"நேராவே போய் ரெண்டு வார்த்தை கேட்டிருக்கலாமேடி," என்றார் மாமியார்.

"கேக்கத்தான் போறேன். முதல்ல ஸ்க்ரீன் ஏறட்டும். மூணுதாண்ணே, மாத்தாதீங்க."

வாசல் மணி அடித்தது.

திறந்தால், அதே கண்ணாடிக்காரர்.

அவள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"நானே வரணும்னு இருந்தேன். உங்களுக்கு வெட்கமா இல்ல?"

"இருக்குங்க. ரொம்பவே இருக்கு. ஆனா வேற வழி தெரியல."

அப்போதுதான் அவர் கையில் இருந்த கிண்ணத்தைப் பார்த்தாள். அவர் காலைக் கட்டிக்கொண்டு ஒரு குட்டிப் பெண். உதட்டை இறுக்கி மூடியிருந்தாள்.

"இவ அம்மா ஆஸ்பத்திரியில இருக்கா. வீட்டுக்கு வர இன்னும் நாளாகும். எனக்கு ஊட்டவும் தெரியாது, கதை சொல்லவும் வராது. அதான் ஜன்னல்ல நின்னு, நீங்க பையனுக்குச் சொல்றதையெல்லாம் கேட்டு, நீங்க பண்ற மாதிரியே பண்ணிக் காட்டி இவளைச் சாப்பிட வெச்சிட்டிருந்தேன். இவ கீழே தரையில உக்காந்திருப்பா, உங்க கண்ணுல பட்டிருக்காது."

வாசலை அடைத்து நின்றவள் ஒதுங்கி வழிவிட்டாள்.

"நேத்து நீங்க ஜன்னலைச் சாத்தினப்போ யானை கிணத்துக்குள்ள விழுந்து கிடந்துச்சு. அப்புறம் நானா ஏதேதோ சொல்லிப் பாத்தேன், இவ நம்பவே இல்ல. அப்பவே வாயை மூடினவதான், இன்னும் திறக்கல."

கிண்ணத்தை அவளிடம் நீட்டினார்.

"தங்கச்சி, அந்த யானையை மட்டும் எப்படியாவது வெளியே எடுத்து விட்டுடுங்களேன்."