மூச்சை முகரும் கதவு

"காய்ச்சலைக் கண்டா எல்லாரும் ஓடுறாங்க, நீ ஏம்மா அதைத் தேடிப் போறே?" என்று, தொற்றுநோய் ஆராய்ச்சியில் சேர்ந்த அன்று தமயந்தியிடம் அவள் அப்பா கேட்டார்.

"ஒருத்தர் சீக்கிரமாப் போனா, மத்தவங்க ஓட வேண்டியதில்லையேப்பா," என்றாள்.

இன்று மலைக் கிராமம் ஒன்றில் புதுக் காய்ச்சல். அவள் கிளம்பும்போது அப்பா போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்தார்.

"எனக்கே காய்ச்சல் மாதிரி இருக்கு. இங்கேயே இருந்து என்னை ஆராய்ச்சி பண்ணேன்."

"கதவுகிட்ட வந்து ஊதுங்கப்பா."

எல்லா வீடுகளையும் போல அவர்கள் வீட்டு வாசற்கதவும் மூச்சை முகர்ந்து நோயைச் சொல்லிவிடும். அப்பா தயங்கித் தயங்கி ஊதினார்.

"தொற்று எதுவும் இல்லை. உளுந்து வடை சாப்பிட்டிருக்கிறீர்கள்," என்றது கதவு.

"நாலு வடை," என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து.

தமயந்தி சிரித்தாள். "பத்திரமா வந்துடுவேன்ப்பா."

அப்பா போர்வையை மடித்து வைத்தார். அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வாசலில் நின்ற ஜீப்பை நோக்கி நடந்தார்.