இடது முழங்கை

லிஃப்ட் மெக்கானிக் சொல்லும் இந்தக் கதையில் பாதியைத்தான் அவருடைய நண்பரான ப்ரூஃப் ரீடர் நம்பினார். மீதிப் பாதி பல வருஷமாக அவருக்குத் தொண்டையில் சிக்கிய முள்தான்.

மெக்கானிக் அதை எத்தனை தடவை சொன்னாலும் ஒரு வார்த்தை மாறாது. அதுவே சந்தேகத்துக்கு இடம். உண்மையைச் சொல்கிறவன் அங்கங்கே தடுமாறுவான் என்பது ப்ரூஃப் ரீடரின் கட்சி. அச்சகத்தில் பிழை பார்த்தே தலை நரைத்தவர். வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பி, பூட்டினோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ரகம்.

கதை இதுதான்.

மெக்கானிக்குக்கு எப்போதும் முதுகுவலி, கழுத்துவலி. காலையில் எழும்போதே அடித்துப் போட்டாற்போல் இருக்கும். அவர் மனைவி, ப்ரூஃப் ரீடர் வாய் நிறைய 'அண்ணி' என்று கூப்பிடுகிறவர், வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருந்தார். அண்ணிக்கு இடது முழங்கையில் வலி. துணியைத் தள்ளிக்கொடுக்க முடியாமல், வருகிற வேலையில் பாதியைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். இப்படியே போனால் தையல் மிஷினை விற்றுவிட வேண்டியதுதான் என்ற நிலை.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை.

"கத்திரி பிடிக்கிறது வலது கை. வலிக்கிறது இடது கையாம்! நடிக்கிறதுக்கும் ஒரு நியாயம் வேண்டாமா?" என்று மெக்கானிக் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

ஒரு நாள், பழுது பார்க்கப் போன லிஃப்டுக்குள் நின்றுகொண்டே தூங்கிவிட்டார். ஏறுகிறவர்களோடு ஏறி, இறங்குகிறவர்களோடு இறங்கி, மேலும் கீழுமாகப் போய்வந்திருக்கிறார். கம்பெனியில் டாக்டரிடம் அனுப்பினார்கள்.

"தூக்கத்துல உங்களுக்கு மூச்சு நின்னு நின்னு வருது," என்றார் டாக்டர். "தூக்கம் துண்டு துண்டாப் போனா, சின்ன வலிகூடப் பெரிசாத் தெரியும். இந்த மிஷினை மாட்டிக்கிட்டுப் படுங்க. முதுகுவலியும் குறையலாம்."

மூக்கில் ஒரு மூடி, அதிலிருந்து ஒரு குழாய், காற்றை ஊதுகிற ஒரு பெட்டி. யானைக்குட்டி மாதிரி இருக்கிறது என்று அடம் பிடித்தவர், ஒரு வழியாக மாட்டிக்கொண்டார். கொஞ்ச நாளில் முதுகுவலி பாதிக்குப் பாதி குறைந்தது.

இதுவரை ப்ரூஃப் ரீடருக்கு ஆட்சேபணை இல்லை.

"அதிசயத்தைக் கேளுடா," என்பார் மெக்கானிக். "மூக்குல மாட்டினது நான். கைவலி போனது அவளுக்கு! வீட்டுக்குள்ள நிஜ நோயாளி வந்ததும் போலி நோயாளி கடையைக் கட்டிட்டா!"

கேட்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ப்ரூஃப் ரீடரும் சிரிப்பார். வீட்டுக்குப் போகும் வழியில், நம்பாத கதைக்கு எதற்குச் சிரித்தோம் என்று யோசிப்பார். அண்ணி நடிக்கிற ஆளே இல்லை. சரி, வலி நிஜம் என்றால், ஒருவர் மூக்கில் மாட்டியது இன்னொருவர் முழங்கையை எப்படிக் குணப்படுத்தும்?

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம். நீளம் குறைக்கக் கொடுத்திருந்த பேண்டை வாங்கப் போனார்.

மெக்கானிக் சாப்பிட்ட களைப்பில் சோபாவில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். மூக்கில் மிஷின் இல்லை. அது சர்வீசுக்குப் போயிருந்தது. அவரை ஒட்டி உட்கார்ந்து, அண்ணி அந்தப் பேண்டுக்குக் கடைசித் தையலைக் கையால் போட்டுக்கொண்டிருந்தார்.

குறட்டை ஏறியது. உச்சிக்குப் போனது. பொசுக்கென்று நின்றது.

வாய் திறந்திருக்கிறது, மூச்சைக் காணோம். ப்ரூஃப் ரீடர் பதறிப்போய் எழுந்தார்.

அண்ணி ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இடது முழங்கை மட்டும் தானாக விலகி, மெக்கானிக்கின் விலாவில் நங்கென்று இறங்கியது.

'ஹக்' என்று ஒரு சத்தம். வண்டி மறுபடி கிளம்பியது.

"மடிப்பு இவ்வளவு போதுமா, தம்பி?"

"அண்ணி... இப்ப என்ன பண்ணீங்க?"

"என்ன பண்ணேன்?" அண்ணிக்கே யோசிக்க வேண்டியிருந்தது. "ஓ, அதுவா? மூச்சு நின்னுச்சில்ல? ஒரு இடி இடிச்சாத்தான் மறுபடி இழுப்பார்."

"எவ்வளவு காலமா?"

"கல்யாணம் ஆனதிலேருந்து. ராத்திரி பூரா இதே வேலை. கொஞ்சம் அசந்தா பயந்து முழிச்சுக்குவேன். அந்த மிஷின் வந்தப்புறம்தான் என் கைக்கு லீவு கிடைச்சுது."

"அண்ணன்கிட்ட சொல்லலையா?"

"சொல்லாம இருப்பேனா? 'நான் குறட்டையே விடறதில்லை, நீ கனவு கண்டிருப்பே'ன்னார்." நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "போகட்டும். காலையில எழுந்து என்னைக் கேலி பண்ண ஆள் இருந்தாப் போதும்னு விட்டுட்டேன்."

குறட்டை மறுபடி நின்றது. இந்தத் தடவை இடி கொஞ்சம் பலம். மெக்கானிக் கண்ணைத் திறந்தார். எதிரில் நண்பரைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"வாடா! எப்ப வந்தே? இவ நடிப்பு நின்னு போன கதையை உனக்குச் சொல்லியிருக்கேனோ?"

"சொல்லியிருக்கீங்க, அண்ணே," என்றார் ப்ரூஃப் ரீடர். முதல் தடவையாக அவர் சிரிக்கவில்லை. "ஒரே ஒரு சந்தேகம்தான். மிஷின் வர்றதுக்கு முன்னாடியே அந்த நடிப்பு நின்னு போயிருந்தா, கதையைச் சொல்ல நீங்க இருந்திருப்பீங்களா?"