காற்றின் பருவம்

ஆடி பிறந்ததிலிருந்து அனல்மின் நிலையத்துக்குத் தொலைபேசியில் ஒரே உத்தரவுதான் வந்தது: காற்றாலைகளே போதும், கொதிகலனை அணைத்துவிடுங்கள்.

"காத்து வந்துட்டுன்னா உன்னை யாருடே தேடப்போறா?" என்று கொதிகலனைக் கவனிக்கும் ஆதிலிங்கத்தை உடன் வேலை பார்ப்பவர்கள் சீண்டினார்கள்.

அவன் வீட்டுக்கு வந்து ஜன்னல்களை எல்லாம் சாத்தினான். மனைவி வடிவைக் காணவில்லை. மொட்டைமாடியில் முந்தானை பறக்க, கண்களை மூடி, அவனிடம் ஒருநாளும் காட்டாத ஒரு முகத்தோடு அவள் காற்றுக்கு நேராக நின்றிருந்தாள். காற்று அவள் கூந்தலைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆதிலிங்கம் ஓசையில்லாமல் பின்னால் போய் அவள் பிடரியில் மெல்ல ஊதினான்.

"இந்தக் காத்து மட்டும் ஏன் சுடுது?" என்றாள் வடிவு, கண்ணைத் திறக்காமலே.

அவன் மூச்சை நன்றாக இழுத்து, இன்னும் பலமாக ஊதினான்.