எதையும் தொடாதீங்க!

“இது மூணாவது தடவை மேடம். விதிப்படி நான் இப்ப மேனேஜருக்கு எழுதியாகணும்.”

வரவேற்பாளர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பார்சல் வந்திருக்குன்னு போட்டிருந்தது சார். தினமும் பத்து பார்சல் வாங்கி வைக்கிறவ நான். அது பொய்யின்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியக்கூடாதுன்னுதான் அப்படி எழுதினேன்.”

அந்தப் பொய் மெயிலை அனுப்பியதே அவன்தான். அந்த அலுவலகத்தின் நெட்வொர்க் நிர்வாகி. மாதம் ஒருமுறை எல்லோருக்கும் இப்படித் தூண்டில் போட்டு, யார் யார் கடிக்கிறார்கள் என்று பார்ப்பான். மூன்று முறை சிக்கினால் இணைய இணைப்பு துண்டிக்கப்படும் என்ற விதியும் அவன் எழுதியதுதான். இணையம் இல்லாத வரவேற்பாளருக்கு அங்கே நாற்காலி ஏது? எதைக் கேட்டாலும் தடை போடுவதால் ‘பூட்டு சார்’ என்று அவனுக்குப் பட்டப்பெயர். அது அவனுக்கும் தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட.

“வர்றவங்களைச் சிரிச்ச முகமா உள்ள விடறதுதான் சார் என் வேலை. இருபது வருஷப் பழக்கம்.”

“யாரையும் உள்ள விடாம இருக்கறது என் வேலை.”

“ரெண்டு பிள்ளைங்க காலேஜ்ல படிக்குது சார். இந்த வேலை போச்சுன்னா…”

சட்டம் பேசிவிட்டானே தவிர, அந்த அழுகையைப் பார்க்க அவனுக்கே ஒரு மாதிரி இருந்தது.

“சரி, கடைசியா ஒரு வாய்ப்பு. இப்பவே ஒரு பாடம் நடத்தறேன். தேறிட்டீங்கன்னா ரிப்போர்ட் போகாது.”

மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரைத் திறந்தான். அலுவலகத்தோடு ஒட்டு உறவில்லாமல் தனி இணைப்பில் ஓடும் பெட்டி அது. தனக்கு வந்த சந்தேக மெயில்களையெல்லாம் பாடம் நடத்த அதில்தான் சேர்த்து வைத்திருந்தான்.

“இது முந்தாநாள் எனக்கே வந்தது. ரெண்டு வரிக்கு மேல நான் படிக்கல. பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. நீங்க சொல்லுங்க, இதுல என்ன தப்பு?”

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். “‘வாழ்த்துகள்! உங்கள் முறை வந்துவிட்டது’ன்னு போட்டிருக்கு சார்.”

“அதான் முதல் தப்பு. ஊர் பேர் தெரியாத இடத்துலேருந்து நமக்கு எதுக்கு நல்ல சேதி வரப்போகுது? அனுப்பின முகவரியைப் பாருங்க, வெறும் எழுத்தும் நம்பரும். அடுத்து?”

“நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள்ள சம்மதம் சொல்லணுமாம்.”

“அவசரப்படுத்தறான் பார்த்தீங்களா? ஆற அமர யோசிச்சா நாம ஏமாற மாட்டோமே.”

அவன் கைபேசி அடித்தது. மனைவி.

“மீதியையும் படிச்சு, என்னென்ன தப்புன்னு ஒரு தாள்ல எழுதி வைங்க. எதையும் தொடாதீங்க!” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான்.

“கூப்பிட்டாங்களா?” என்றாள் மனைவி.

“கூப்பிட்டா உங்கிட்ட சொல்லாம இருப்பேனா?”

நாலு வருஷமாக அதே கேள்வி, அதே பதில். ஆனால் இன்று அவள் வழக்கம்போல் பெருமூச்சு விட்டுப் போனை வைக்கவில்லை.

“இனிமே நான் கேக்கப்போறதில்லங்க. சும்மாவே போட்டு வெச்சிருந்த அந்த ரூம்ல துணி காயப்போடக் கொடி கட்டிட்டேன்.”

அவள் போனை வைத்ததும் வராந்தாவின் கோடிவரை நடந்துவிட்டுத் திரும்பினான். பிறகு உள்ளே போனான்.

தாளில் ஒரு எழுத்துகூட இல்லை. திரையில் ‘நன்றி’ என்று பெரிதாக மின்னியது.

“அழுத்திட்டீங்களா?”

“அழுத்திட்டேன் சார்.”

“தொடாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!”

“முழுசாப் படிச்சேன் சார். பொய்யாவே இருக்கட்டும், அதுக்குப் போய் வேண்டாம்னு சொல்ல எனக்கு மனசு வரல. அதுல என்ன போட்டிருந்ததுன்னா…”

அதைக் கேட்கும் பொறுமை அவனுக்கு இல்லை. கம்ப்யூட்டரின் வயரைப் பிடுங்கி எறிந்தான். இரக்கப்பட்டது தன் தப்பு என்று தோன்றியது. புகார்ப் படிவத்தை எடுத்தான்.

“எத்தனை மணிக்கு அழுத்தினீங்க?”

“பதினொன்னு பத்து சார்.” வருகிறவர் போகிறவர் நேரத்தைக் குறித்தே பழகியவர் என்பதால் சட்டென்று பதில் வந்தது. “பதினொன்றரையோட கெடு முடியுதுன்னு போட்டிருந்தது. அதான் கடிகாரத்தைப் பார்த்தேன்.”

‘நான்காவது முறை. நேரம் 11.10’ என்று எழுதினான். கையெழுத்துப் போடப் போனபோது மறுபடியும் கைபேசி அடித்தது. எடுத்தால், மனைவி அழுகிறாளா சிரிக்கிறாளா என்றே தெரியவில்லை.

“சரியான கல்லுளிமங்கன் நீங்க! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

“எதைச் சொல்ல?”

“தத்து கொடுக்கிற இல்லத்துலேருந்து இப்பத்தான் பேசினாங்க. பொண்ணாம், ஒன்றரை வயசாம்! இப்பல்லாம் போன்ல கூப்பிடறதில்லையாம், மெயில்தானாம். இன்னும் இருபது நிமிஷம் போயிருந்தா குழந்தை அடுத்த பேருக்குப் போயிருக்குமாம். நல்லவேளை, சரியா பதினொன்னு பத்துக்கு நீங்க சம்மதம் கொடுத்துட்டீங்களாமே!”