ஐரீன் வீட்டுச் செம்பருத்தி

எண்ணூரில் பக்கத்து நிலக்கரிக் கம்பெனியின் கரித்தூள் படிந்தே அலுத்துப்போன தெரு அது. எத்தனையோ புகாருக்குப் பிறகு விசாரிக்க ஓர் அதிகாரி வந்திருந்தார்.

"ராவெல்லாம் எங்க வூட்டுக்காரரு இருமிகினே கீறாரு சார். எல்லாம் அந்தக் கம்பெனி கரிதான்," என்றாள் ஐரீன், சொல்லிச் சொல்லித் தேய்ந்த குரலில்.

அதிகாரி தன் போனை நீட்டினார். பச்சைப் பசேலென்ற இலைகளுக்கு நடுவே ஒரு செம்பருத்தி.

"இது உங்க தோட்டமாம்மா?"

"ஆமா சார். மனசுக்கு ஆறுதலா தெனம் ஒரு போட்டோ எடுத்து பேஸ்புக்ல போடுவேன்."

"கம்பெனிக்காரங்கதான் காட்டினாங்க. எந்தப் படத்துலயும் இலையில கரியே இல்லையே?"

தெருவே அவளைத் திரும்பிப் பார்த்தது.

"ஐயோ, ஈரத்துணியால எலைய எல்லாம் தொடச்சிட்டுத்தான் சார் எடுப்பேன்! கலீஜாவா எடுத்துப் போட முடியும்?"

"சரி, படத்தை விடுங்க. வாங்க, செடியையே பார்த்துடுவோம்."

ஐரீன் அசையவில்லை. பின்னால் அவள் புருஷன் நெல்சன் இருமத் தொடங்கினார்.

"இன்னைக்கும் தொடச்சிட்டேன் சார்," என்றாள் தலையைக் குனிந்துகொண்டு. "ஆபீசர் வர்றீங்கன்னு வூடு வாசல் எல்லாத்தையும் கழுவி வுட்டுட்டேன்."